முதலில் அச்சுக்கூடத்தை விசாரி

அன்புள்ள மருமகளுக்கு,

யாழ்ப்பாணத்துப் பத்திரிகை நிறுவனங்களின் வரலாற்றை எழுதப்போகிறாய், எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தாய். தலையங்கங்களைப் படியெடுத்து வரிசையாக அடுக்கிவிடாதே பிள்ளை. எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். அச்சியந்திரம் யாருடையது, தாள் எங்கிருந்து வந்தது, சம்பளக் காசு எப்படிப் புரண்டது என்று முதலில் விசாரி.

1820இல் அமெரிக்க மிஷன், ஜேம்ஸ் கரட் என்ற அச்சுத் தொழிலாளரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. ஆட்சிப் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் அவரைத் தங்க விடவில்லை. அவர் பம்பாய்க்குப் போய் அங்குள்ள மிஷன் அச்சகத்தில் வேலை பார்த்தார். 1830களில்தான் மானிப்பாயில் மிஷனுக்கு அச்சுக்கூடம் கைகூடியது. ‘உதயதாரகை’ வெளிவந்ததோ 1841 ஜனவரியில். தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த பத்திரிகை அது. ஆசிரியர்களின் பெயர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்று இருப்பதைப் பார்த்து வெள்ளைக்காரர் என்று எழுதிவிடாதே, இருவரும் தமிழர்.

‘ஈழகேசரி’யின் கதை வேறு. அதற்குப் பின்னால் மிஷன் இல்லை. குரும்பசிட்டி நா. பொன்னையா 1930இல் தொடங்கிய வாரப் பத்திரிகை அது. சுன்னாகத்தில் அவருக்குத் திருமகள் அழுத்தகம் இருந்தது. கணேசையரின் உரைவிளக்கக் குறிப்புகளோடு தொல்காப்பியம் அச்சேறியதும் அங்கேதான். இலங்கையர்கோனும் சி. வைத்தியலிங்கமும் கதை எழுதிய பத்திரிகையை நடத்தியவரே இலக்கணத்துக்கும் ஈய எழுத்துக் கோத்தார் என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான். பொன்னையா 1951இல் காலமானார். பத்திரிகை 1958 வரை தாக்குப்பிடித்தது.

அடுத்த ஆண்டே ‘ஈழநாடு’ பிறந்தது. தங்கராஜா, சண்முகரத்தினம் என்ற சகோதரர்கள் முதல் போட்டார்கள். அதுவரை நாளிதழ் என்றால் கொழும்பில் அச்சான ‘வீரகேசரி’யும் ‘தினகரனு’ம் ரயிலேறி வரவேண்டும். சில ஆண்டுகளில் ‘ஈழநாடு’ தினசரியானது. கிணறு வற்றியது, வெங்காய விலை விழுந்தது, கோயில் கொடியேறியது எல்லாம் மறுநாள் காலையே அச்சில் வந்தால் வாசகர் ஏன் வாங்கமாட்டார்?

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். ஊர்ப் பத்திரிகையைத் தாங்கி நிறுத்துபவற்றில் மரண அறிவித்தல்களுக்கு முக்கியமான இடம் உண்டு. ஆராய்ச்சிக்காரர் இதை எழுதக் கூச்சப்படுவார்கள். நம்மவர் பலரும் பத்திரிகையை விரித்ததும் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். யாரின் மகன், யாரின் மருமகன், எந்த மயானம், எத்தனை மணிக்கு என்று எல்லாம் அதில் இருக்கும். பிறகு அந்தியேட்டி, 31ஆம் நாள், ஆண்டுத் திவசம் என்று அதே வீட்டார் மறுபடியும் காசு கட்டுவார்கள். கொழும்புப் பத்திரிகையால் இவ்வளவு கிட்ட வந்து நிற்க முடியாது. பழைய அறிவித்தல்களையும் 1983 இனக்கலவரத்துக்குப் பிந்தியவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்து அடைப்புக்குறிக்குள் கனடா, லண்டன், ஜெர்மனி என்று வரத்தொடங்குவது தெரியும். குடும்பங்கள் சிதறியதற்கு இதைவிட நேரான ஆவணம் எனக்குத் தெரியாது.

நான் யந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பத்திரிகையை வாயடைக்க வந்தவர்களும் அதைத்தான் தேடிப் போனார்கள். 1981 ஜூன் தொடக்கத்தில், யாழ். பொது நூலகம் எரிந்த அதே நாட்களில், ‘ஈழநாடு’ அலுவலகத்தையும் கொளுத்தினார்கள். 1987 ஒக்டோபரில் ‘ஈழமுரசு’, ‘முரசொலி’ அச்சகங்களை இந்திய இராணுவம் வெடிவைத்துத் தகர்த்தது. 1985இல் தொடங்கிய ‘உதயன்’ அலுவலகத்துக்குள் 2006 மே 2ஆம் தேதி துப்பாக்கிதாரிகள் புகுந்து ஊழியர் இருவரைக் கொன்றார்கள். மறுநாள் உலக பத்திரிகைச் சுதந்திர தினம். அதற்கான யுனெஸ்கோ விழா அந்த ஆண்டு கொழும்பில்தான் நடந்தது. 2013 ஏப்ரலில் அதே நிறுவனத்தின் அச்சியந்திரத்துக்குத் தீ வைத்தார்கள்.

ஆகவே அச்சுக்கோத்தவர்கள், யந்திரம் ஓட்டியவர்கள், விடியமுன் சைக்கிளில் பத்திரிகை கொண்டுபோனவர்கள் யாராவது இருந்தால் ஆசிரியர்களுக்கு முன்னால் அவர்களிடம் போ. பழைய இதழ்கள் பல நூலகம் நிறுவனத்தின் மின்னூலகத்தில் கிடைக்கும். ஒவ்வொரு இதழுக்கும் பக்க எண்ணிக்கையைக் குறித்துக்கொள். 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 தரைப்பாதை மூடப்பட்டதும் பத்திரிகைத் தாளுக்குத் தட்டுப்பாடு வந்து யாழ்ப்பாணப் பத்திரிகைகள் மெலிந்துபோயின. அதைத் தலையங்கத்தில் தேடாதே, தாளை எண்ணிப் பார்.

அன்புடன்,
மாமா