பல் அழகும் பல் நலமும்

நம் உடலின் ஒவ்வோர் உறுப்பும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அழகு செய்கிறோம் என்று எண்ணிக்கொண்டே அந்த அமானிதத்தைப் பாழாக்கும் பழக்கங்கள் நம் வீடுகளில் உண்டு. பற்களின் விஷயத்தில் இதை நாம் தெளிவாகக் காணலாம்.

அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்கிக்கொள்ளும் பெண்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்த செய்தி, இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் வந்துள்ளது. அதே சமயம், போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் பொன் மூக்குப் பொருத்திக்கொள்ள நபியவர்கள் அனுமதித்ததை அபூதாவூத், திர்மிதீ கிரந்தங்களில் காண்கிறோம். இதை வைத்தே, ஆடும் பல்லைப் பொன்னால் கட்டலாம் என மார்க்க அறிஞர் பலர் கூறினர். குறையைச் சீர் செய்வது வேறு. நலமாக இருப்பதைக் கெடுப்பது வேறு என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

வெண்மை தேடுவோர்க்கு

பல்லின் மேலுறையான எனாமல், உடலிலேயே மிகக் கடினமானது. ஆயினும் தேய்ந்துவிட்டால் அது மீண்டும் வளராது. உமிக்கரி, செங்கற்பொடி, உப்பு, எலுமிச்சைச் சாறு இவற்றால் அழுத்தித் தேய்த்தால் முதலில் பல் பளிச்சிடும். நாளடைவில் எனாமல் மெலிந்து, உள்ளிருக்கும் மஞ்சள் நிறப் பகுதி வெளியே தெரியும். வெண்மைக்காகத் தேய்த்தவர் மஞ்சளைப் பெறுவார். சூடான சாயாவும் குளிர்ந்த நீரும் கூசும்.

உதடு சிவக்க வேண்டுமா?

நாஞ்சில் நாட்டுக் கல்யாண வீடுகளில் விருந்துக்குப் பின் வெற்றிலைத் தட்டு வருவது பழைய வழக்கம். உதடு சிவந்தால் அழகு என்பாரும் உண்டு. வெற்றிலையோடு செல்லும் பாக்குதான் ஆபத்தானது. புகையிலை சேர்க்காத தாம்பூலமும், பாக்கு தனியாகவும் கூடப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்துள்ளது. பாக்கை மெல்லுவோருக்குக் கன்னத்தின் உட்சதை இறுகி, வாயைத் திறக்க முடியாமற் போவதும் உண்டு. குட்கா, பான் மசாலாவை 2013-ல் தமிழக அரசு தடை செய்ததும் மக்கள் நலம் கருதியே. வாப்பா மெல்லுவதைப் பார்த்தே பிள்ளையும் மெல்லும் என்பதைப் பெற்றோர் மறக்கலாகாது.

கிராம்பு மருந்தா?

நம் மாவட்டத்து மாறாமலையில் நல்ல கிராம்பு விளைகிறது. பல்வலிக்கு அதைக் கடித்துக்கொண்டால் வலி அடங்கும். ஆனால் சொத்தை அடங்காது, உள்ளே பரவிக்கொண்டிருக்கும். கிராம்பு வைத்தியரிடம் போகும்வரைதான் துணை.

நோன்பும் பல்லும்

ஷாபிஈ மத்ஹபில், நோன்பாளி நண்பகலுக்குப் பின் மிஸ்வாக் செய்வது மக்ரூஹ். ஆகவே ஸஹர் உணவுக்குப் பின் பல் துலக்குவதில் நாம் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். இனிப்பும் சாயாவும் அருந்தி அப்படியே உறங்கினால், உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் கிருமிகளுக்கு அதுவே விருந்தாகும். நோன்பில்லாத நாட்களிலும் காலையிலும் உறங்குமுன்னும் இரண்டு நிமிடம் மென்மையாகத் துலக்குவது போதுமானது.

ஓதுவதற்கும் பல் வேண்டும்

ஃபாத்திஹா சூராவில் வரும் 'தால்' என்ற எழுத்து, நாவின் நுனி மேல் முன்பற்களின் முனையைத் தொட்டால்தான் சரியாகப் பிறக்கும். நாள்தோறும் 17 ரக்அத் பர்ளுத் தொழுகையில் அந்த சூராவை ஓதுகிறோம். பல் இழந்த முதியவர் இயன்றவரை ஓதுவார். அவர் மீது குற்றமில்லை. பாக்குக்காகவும் பகட்டுக்காகவும் இளமையிலேயே பல்லை இழப்பவர் என்ன சொல்வார்?

சமுதாயத்துக்குச் சிரமமாகாது எனில் ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக்கைக் கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தில் நபியவர்கள் கூறியுள்ளார்கள். கட்டளையாக்காமல் விட்டது நம் மீதுள்ள இரக்கம். அதை நாம் விரும்பிச் செய்வது அந்த இரக்கத்துக்கு நாம் காட்டும் நன்றி. இன்று இரவே உம்மாவும் வாப்பாவும் பிள்ளைகளை அருகில் நிறுத்திப் பல் துலக்கத் தொடங்கட்டும். அல்லாஹ் நமக்கு நல்லருள் புரிவானாக. ஆமீன்.