மூழ்காத சிறு படகுகள்

கயாக் என்பது வடதுருவப் பகுதியில் வாழும் இனூயிட் மக்களின் படகு. சட்டத்தின்மேல் சீல் என்னும் கடல்நாயின் தோலை இழுத்துத் தைத்து, ஒருவர் மட்டும் அமரும்படி அதைச் செய்தனர். ஆண்கள் அதில் வேட்டைக்குச் சென்றனர். குடும்பத்தோடு பயணம் செய்ய உமியாக் என்ற பெரிய படகு இருந்தது. அதில் துடுப்பு வலித்தவர்கள் பெரும்பாலும் பெண்களே என்பதை மாணவியர் கவனிக்க!

இன்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து போன்ற கரைகளில் மீன் பிடிப்போர் பிளாஸ்டிக் கயாக்கின் மேலேயே அமர்கின்றனர். அதன் தட்டில் துளைகள் உண்டு. ஏறிய அலைநீர் அவற்றின் வழியே கடலுக்கே வடிந்துவிடும். நமது கட்டுமரத்திலும் கட்டைகளின் இடுக்கில் நீர் இப்படித்தான் ஓடிவிடுகிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகி, கட்டுமரங்கள் அருகிவிட்டன.

விடியற்காலையில் பலர் சேர்ந்து புறப்படுவதே நல்லது. ஏன்? இரவில் நிலம் கடலைவிட விரைவில் குளிர்வதால், அதிகாலைக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். போவது எளிது, அக்காற்று நீடித்தால் திரும்புவது கடினம். பாய் விரித்த கட்டுமரக்காரரைப் பிற்பகல் கடற்காற்று கரை சேர்த்தது. கயாக்கில் செல்பவருக்கோ கைவலிமையே துணை. போதாக்குறைக்கு, பெரிய வஞ்சிரம் ஒன்று தூண்டிலைக் கவ்வினால் படகையே சிறிது தூரம் இழுத்துச் சென்றுவிடும்!

கவிழ்ந்தால் படகை நிமிர்த்தி, அதன் குறுக்கே வயிறு படியப் படுத்து, காலை உதைத்து ஏறவேண்டும். தோழர் ஒருவர் தம் கயாக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து இதை அசையாமல் பிடித்துக்கொண்டால் வேலை பாதியாகும். உயிர்காப்புச் சட்டையைக் கரையிலேயே அணிந்துவிட வேண்டும்; நீரில் விழுந்தபின் அதை அணிவது மிகக் கடினம்.