ஆட்டுக்கு மருந்து ஊற்றுவது எப்படி?



நம்ம செஞ்சியில் ராஜகிரி, கிருஷ்ணகிரி அடிவாரம் பக்கம் போனால் ஆடு மேய்வதைப் பார்க்கலாம். நம்மில் பல பேர் வீட்டிலும் ஆடு உண்டு. ஆனால் அதுக்கு மருந்து கொடுக்கத் தெரியுமா என்று கேட்டால், "இதுல என்ன இருக்கு? வாயைப் புடிச்சு ஊத்த வேண்டியதுதானே!" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால் ஒரு குட்டியை இழந்தேன்.

போன மழைக்காலத்தில் எங்கள் குட்டிக்குக் கழிச்சல். டாக்டர் வயிற்றுப் பூச்சி மருந்து கொடுத்தார். ஆயா வயலுக்குப் போயிருந்ததால் நானே ஊற்றினேன். தலையை வானம் பார்க்கத் தூக்கி, நாக்கை வெளியே இழுத்து, ஒரே மூச்சில் ஊற்றிவிட்டேன். குட்டி இருமியது. அடம் பிடிக்குது என்று நினைத்து மீதியையும் ஊற்றினேன். மறுநாள் மூச்சு இரைத்தது, மூக்கு ஒழுகியது. மூன்றாம் நாள் செத்துப்போச்சு. மருந்து நுரையீரலுக்குப் போயிட்டுது என்றார் டாக்டர். ஆயா என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை.

காரணம் என்ன?

தொண்டையில் உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்ளும். தலையை ரொம்பத் தூக்கினாலோ நாக்கை இழுத்தாலோ ஆட்டால் சரியாக விழுங்க முடியாது. நமக்குப் புரை ஏறுவது போலத்தான். நாம் இருமித் துப்பிவிடுவோம். அதுக்கு நாம்தான் வாயைப் பிடித்திருக்கிறோமே!

டாக்டர் சொல்லிக்கொடுத்த முறை:

1. முதலில் எடை பாருங்கள். நான் தனியாக மெஷினில் ஏறினால் 38 கிலோ, குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினால் 47 கிலோ. அப்படியென்றால் குட்டி 9 கிலோ. எடையைச் சொன்னால் டாக்டர் அளவு சொல்வார். அளவு குறைந்தால் பூச்சி முழுசாகச் சாகாது, மருந்துக்கும் பழகிவிடும்.

2. ஆட்டைச் சுவர் ஓரமாக நிற்க வைத்துப் பிடியுங்கள். படுத்திருக்கும்போது ஊற்றாதீர்கள்.

3. தலை முதுகு மட்டத்துக்கு இருந்தால் போதும், மேலே தூக்க வேண்டாம்.

4. ஊசி கழற்றிய சிரிஞ்சைக் கடைவாய் ஓரமாக, பல் இல்லாத இடைவெளியில் விடுங்கள். நாக்கை இழுக்கவே கூடாது.

5. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்தது.

6. இருமினால் உடனே தலையை விட்டுவிடுங்கள். இதுதான் முக்கியம்!

சினை ஆடு என்றால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அல்பெண்டசோல் போன்ற மருந்து சினையின் ஆரம்பத்தில் ஆகாது. மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் பால் குடிக்கக்கூடாது என்றும் கேளுங்கள்.

உங்களுக்குத் தெரியுமா?

ஆட்டின் கீழ் இமையை லேசாக இழுத்துப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் வயிற்றில் இரத்தம் குடிக்கும் புழு இருக்கலாம். இந்த நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கத் தென்னாப்பிரிக்காவில் 'ஃபமாச்சா' என்ற வண்ண அட்டையே உருவாக்கினார்கள்.

நாய், பூனை வளர்ப்பவர்களுக்கு:

நாய்க்கு மாத்திரையைக் கறித்துண்டுக்குள் வைத்துக் கொடுக்கலாம். முதலில் மாத்திரை இல்லாத துண்டு ஒன்று கொடுத்தால் அடுத்ததைச் சந்தேகப்படாமல் முழுங்கிடும். பூனைக்கு மாத்திரை கொடுத்தால் பின்னாலேயே கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள், இல்லாவிட்டால் தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு புண்ணாகும். நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. ஒரே மாத்திரைகூட அதன் உயிரைப் பறித்துவிடும்.

நண்பர்களே, சந்தேகம் வந்தால் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். வாயில்லா ஜீவனுக்கு "போதும், நிறுத்து" என்று சொல்லத் தெரியாது. அதன் இருமல்தான் அந்தச் சொல். எனக்கு அது அன்று புரியவில்லை. உங்களுக்காவது புரியட்டும்.



— 9-ஆம் வகுப்பு மாணவி