சாலைக்கு அப்பால் செல்லும் வாகனங்கள்: எண்ணிக்கை வரம்பா, வழித்தட வரையறையா?

2023ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் இமாசலப் பிரதேசத்தின் லாகுல்-ஸ்பிதி மாவட்டத்தில் சுற்றுலாப் பயணி ஒருவர், சாலையில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றதைப் பொறுக்காமல், தமது வாகனத்தைச் சந்திரா நதிக்குள் இறக்கி ஓட்டிச் சென்றார். அக்காட்சி நாடெங்கும் பரவியது. காவல்துறை மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் 3,500 ரூபாய் அபராதம் விதித்தது. அதற்கு முந்தைய ஆண்டில் லடாக்கின் பாங்காங் ஏரிக்குள் சொகுசுக் கார் ஒன்று ஓட்டப்பட்டதும் பலத்த கண்டனத்திற்கு உள்ளாயிற்று. அபராதத் தொகை ஏன் இவ்வளவு குறைவு என்று அப்போது பலரும் வினவினர். வினவ வேண்டியது அதுவன்று. சாலைப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்த இயற்றப்பட்ட சட்டத்தையே ஆற்றைக் காக்கவும் நாட வேண்டிய நிலை ஏன் ஏற்பட்டது என்பதே நிர்வாகத் துறையினர் ஆராய வேண்டிய வினாவாகும்.

நான்கு சக்கரங்களுக்கும் விசையளிக்கும் வாகனங்கள் முன்னர் பெரும்பாலும் இராணுவத்திடமும் வனத்துறையிடமும் இருந்தன. இன்று அவற்றை வாடகைக்கும் பெறலாம். மாதத் தவணையிலும் வாங்கலாம். சாலை இன்மையே ஒரு காலத்தில் தொலைவான நிலங்களுக்குக் காவலாக இருந்தது. அக்காவல் இப்போது நீங்கிவிட்டது. அதற்கு மாற்றான ஏற்பாடு எதனையும் நாம் இன்னும் முழுமையாகச் செய்யவில்லை.

சேதத்தின் தன்மை

லடாக், ஸ்பிதி போன்ற குளிர் பாலை நிலங்களில் பயிர் பச்சைக்கு உரிய காலம் ஆண்டில் சில மாதங்களே. மழை மிகக் குறைவு. வெறுந்தரை போலக் காணப்படும் மண்ணின் மேற்பரப்பில் நீலப்பச்சைப் பாசி, கற்பாசி முதலியவை இணைந்து ஒரு மெல்லிய பொருக்கை உருவாக்குகின்றன. காற்று மண்ணை வாரிச் செல்லாமல் தடுப்பதும், ஈரத்தைப் பிடித்து வைப்பதும், மண்ணுக்குத் தழைச்சத்து சேர்ப்பதும் இப்பொருக்கே. சக்கரம் ஒருமுறை ஏறினால் இது நொறுங்கிவிடும். மீண்டும் உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகலாம். அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1944 வரை, பயிற்சிக்காக ஓட்டப்பட்ட டாங்கிகளின் தடங்கள் அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் தெளிவாகத் தெரிந்தன.

ஏரிக்கரைச் சதுப்புப் புல்வெளிகளின் நிலை வேறு. அங்கே சக்கரத்தின் பள்ளம் வாய்க்காலாக மாறி நீரை வடித்துவிடுகிறது. புல் காய்கிறது. பஷ்மினா ஆடுகளை மேய்க்கும் சாங்பா மக்களுக்கு அப்புல்லே மூலதனம். கருங்கழுத்துக் கொக்குகள் கூடு கட்டுவதும் அத்தகைய சதுப்புகளிலேயே. ராஜஸ்தானத்தின் ஜைசல்மேர் பகுதியில் கானமயில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையை வெறுந்தரையில் இடுகிறது. மணல்மேட்டில் ஏறி இறங்கும் ஜீப்பின் ஓட்டுநர் கண்ணுக்கு அது தென்படுமென எதிர்பார்க்க இயலாது.

இவற்றைவிடப் பொருளாதார மாணவர்கள் கவனிக்கத்தக்க வேறொரு கூறு உண்டு. தொழிற்சாலைப் புகையைப் பொறுத்தவரை ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ ஓரளவான சேதம் விளைகிறது எனக் கொள்ளலாம். அலகு கூடக்கூடச் சேதமும் கூடும். மண்ணின் நிலை இதற்கு மாறானது. மண் இறுகுவதன் பெரும்பகுதி முதற்சில ஓட்டங்களிலேயே நிகழ்ந்துவிடுகிறது. அதன்பின் அதே தடத்தில் நூறு வண்டிகள் சென்றாலும் கூடுதல் சேதம் ஒப்பளவில் சிறியதே. அதாவது, இறுதிநிலைச் சேதம் ஒரே தடத்தில் விரைவாகக் குறைகிறது. புதிய தடத்தில் மீண்டும் உச்சத்திலிருந்து தொடங்குகிறது. ஒரு தடத்தில் நூறு வண்டிகள் செல்வதைவிட, பத்துத் தடங்களில் பத்து வண்டிகள் செல்வது நிலத்திற்குக் கேடு.

சில ஆண்டுகளுக்கு முன் அலுவல் பயணமாகச் சாங்தாங் பீடபூமிக்குச் சென்றிருந்தேன். ஓரிடத்தில் மண்பாதை பள்ளமாகிப் போயிருந்தது. எங்கள் ஓட்டுநர் பள்ளத்தைத் தவிர்க்கப் பக்கத்துப் புல்தரையில் வண்டியை இறக்கினார். இறங்கி நின்று பார்த்தபோது, எங்களுக்கு முன்னர் அவ்வாறே செய்தவர்களின் தடங்கள் பதினொன்று, பின்னல் போல நீண்டிருந்தன. பன்னிரண்டாவது எங்களுடையது. அது அரசு வாகனம் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

எண்ணிக்கை வரம்பின் பயனும் எல்லையும்

நம் நாட்டில் மலைப்பகுதி வாகனங்களைக் கட்டுப்படுத்த மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளுள் நன்கு அறியப்பட்டது ரோதங் கணவாய் குறித்த ஏற்பாடாகும். கணவாயைச் சூழ்ந்த பனியில் கரிப்புகை படிவதைக் கருத்திற்கொண்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் நாளொன்றுக்கு ஆயிரம் சுற்றுலா வாகனங்கள் என வரம்பு விதித்தது. அனுமதிச் சீட்டும் கட்டணமும் நடைமுறைக்கு வந்தன. புகையைப் பொறுத்தவரை இது பொருத்தமான கருவியே; ஒவ்வொரு வண்டியும் புகையைக் கூட்டுவதால், வண்டியைக் குறைத்தால் புகை குறையும்.

ஆனால் 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பின்னர், ரோதங்கைத் தொடாமலேயே பயணிகள் லாகுல் பள்ளத்தாக்கை அடைய முடிந்தது. கணவாய்க்கு விதித்த வரம்பு பள்ளத்தாக்கைக் காக்கவில்லை. அங்கேயும் ஓர் எண்ணிக்கை வரம்பு விதித்தால் என்ன என்று கேட்கலாம். நெரிசல் குறையும் என்பது உண்மை. எனினும் அனுமதி பெற்ற ஐந்நூறு வண்டிகளும் ஆற்றுப் படுகையில் தத்தம் விருப்பப்படி இறங்கினால், மண்ணுக்கு விளையும் கேடு ஐயாயிரம் வண்டிகள் சாலையிலேயே செல்வதைவிட மிகுதியாகும். மண்ணைக் காக்கும் கருவி எண்ணிக்கையன்று, கோடு. எவ்வழியில் செல்லலாம் என்று வரையறுப்பதே முதற்பணி, எத்தனை பேர் செல்லலாம் என்பது அதற்கு அடுத்தது.

ஒரு நாட்டின் நீண்ட பாடம்

இவ்வுண்மையை உணர அமெரிக்க நாட்டிற்கு ஒரு தலைமுறைக் காலத்திற்கு மேலாயிற்று. பொது நிலங்களில் சாலைக்கு வெளியே ஓடும் வாகனங்கள் பெருகியதைக் கண்டு, 1972 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் நிக்சன் 11644 எண்ணுள்ள நிர்வாக ஆணையைப் பிறப்பித்தார். எந்நிலத்தில் இவ்வாகனங்கள் செல்லலாம், எதில் கூடாது என ஒவ்வொரு துறையும் வகைப்படுத்த வேண்டும் என்றும், மண், நீர்ப்பிடிப்பு, தாவரம், வனவிலங்கு, பிற பயணிகள் ஆகியோருக்கும் ஆகியவற்றுக்கும் உண்டாகும் இடையூறு குறைவாக இருக்குமாறு வழித்தடங்களைத் தெரிவு செய்ய வேண்டும் என்றும் அது கூறியது. கொள்கை சரியானதே. ஆனால் வகைப்படுத்தி முடியும்வரை நிலம் திறந்தே கிடந்தது. 1974இல் கலிபோர்னியாவின் பார்ஸ்டோவிலிருந்து லாஸ் வேகாசை நோக்கி நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் பாலைவனத்தின் குறுக்கே ஓட்டிச் சென்றனர். அதனால் ஏற்பட்ட சேதத்தைக் கண்ட பின்னர், மறு ஆண்டு அப்பந்தயத்திற்கு அனுமதி மறுக்கப்பட்டது.

1977இல் குடியரசுத் தலைவர் கார்ட்டர் பிறப்பித்த 11989ஆம் ஆணை இரு அதிகாரங்களைச் சேர்த்தது. சேதம் மிகுந்த இடத்தைத் துறைத் தலைவர் உடனே மூட வேண்டும் என்பது ஒன்று. திறக்கப்பட்டதாகக் குறிப்பிட்டு அறிவிக்கப்பட்ட இடங்கள் தவிர ஏனைய அனைத்தும் மூடப்பட்டவை என்னும் கொள்கையைத் துறைகள் கடைப்பிடிக்கலாம் என்பது மற்றொன்று. இரண்டாவதே இவ்விஷயத்தின் உயிர்நாடி. ‘மூடியது தவிர அனைத்தும் திறந்தது’ என்னும் விதியில், மெய்ப்பிக்கும் சுமை அரசின் தோளில் விழுகிறது. அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். பிடுங்கி எறியப்பட்டால் மீண்டும் வைக்க வேண்டும். பலகையைக் காணவில்லை என ஓட்டுநர் சொன்னால் வழக்கு நிற்காது. ‘திறந்தது தவிர அனைத்தும் மூடியது’ என்று விதியைத் திருப்பிவிட்டால், அறிந்து கொள்ளும் பொறுப்பு ஓட்டுநருடையதாகிறது.

‘கடைப்பிடிக்கலாம்’ என்ற சொல்லை அத்துறைகள் நிதானமாகவே படித்தன போலும். 1990இல் மொஹாவிப் பாலை ஆமை அழியும் ஆபத்திற்குரிய இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன் வளைகள் சக்கரங்களால் நசுங்குவது காரணங்களுள் ஒன்று. 2003இல் வனப் பணித்துறையின் தலைவர் டேல் பாஸ்வொர்த், தேசிய வனங்களுக்கான நான்கு பெரும் அச்சுறுத்தல்களுள் ஒன்றாகக் கட்டுப்பாடற்ற பொழுதுபோக்கைக் குறிப்பிட்டார். 2005 நவம்பரில்தான் அத்துறை தன் பொறுப்பிலிருந்த ஏறத்தாழ 7.8 கோடி ஹெக்டேர் நிலத்திற்கும் பொருந்தும் விதியை வெளியிட்டது. ஒவ்வொரு வனத்திலும் எந்தச் சாலையில், எந்தத் தடத்தில், எவ்வகை வாகனம், தேவையான இடங்களில் எந்தப் பருவத்தில் செல்லலாம் என்பது வரைபடமாக வெளியிடப்படும். வரைபடத்தில் இல்லாத இடத்தில் ஓட்டுவது குற்றம். 1977க்கும் 2005க்கும் இடையே கழிந்தவை 28 ஆண்டுகள். அக்காலத்தில் பயணிகள் தாமாக உண்டாக்கிய தடங்கள் பல வனங்களில் நிலைத்துவிட்டன. அவற்றுள் எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்று இருதரப்பினரும் நீதிமன்றம் சென்றனர். தாமதத்திற்கு விலை உண்டு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நம் சட்டங்களில் உள்ள இடைவெளி

அதே 1972ஆம் ஆண்டில் நம் நாடாளுமன்றம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அமெரிக்கர் பின்னர் வந்தடைந்த தத்துவத்தை அதன் 27ஆம் பிரிவு அப்போதே ஏற்றுக்கொண்டிருந்தது: அனுமதி பெற்றவர் முதலான சிலர் தவிர, சரணாலயத்திற்குள் எவரும் நுழையலாகாது. பொது நெடுஞ்சாலை வழியாகச் சரணாலயத்தைக் கடந்து செல்வோருக்கு அப்பிரிவு விலக்களிக்கிறது. இவ்விலக்கு சாலைக்கு உரியது. சக்கரம் சாலையை விட்டு இறங்கும் கணத்தில் விலக்கும் நீங்குகிறது. சாங்தாங், காரகோரம் சரணாலயங்களில் இதனை உறுதியாகச் செயற்படுத்தப் புதிய சட்டம் தேவையில்லை. எது நெடுஞ்சாலை, எது பின்னர் தோன்றிய தடம் என்று காட்டும் வரைபடம் ஒன்றே தேவை.

சரணாலயத்திற்கு வெளியே உள்ள வருவாய்த்துறை நிலங்கள், ஆற்றுப் படுகைகள், மேய்ச்சல் வெளிகள் ஆகியவற்றில்தான் இடைவெளி பெரிது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 115ஆம் பிரிவு, குறிப்பிட்ட பகுதியில் வாகனங்களைத் தடை செய்யவோ கட்டுப்படுத்தவோ மாநில அரசுக்கு அதிகாரமளிக்கிறது. ஆனால் அதற்குரிய காரணங்களாகப் பொதுமக்களின் பாதுகாப்பும் வசதியும், சாலை அல்லது பாலத்தின் தன்மையும் மட்டுமே கூறப்பட்டுள்ளன. நிலத்தின் தன்மை என்ற சொல் அதில் இல்லை. பாலம் தாங்காது என்பதற்காக வண்டியைத் தடுக்கலாம். புல்வெளி தாங்காது என்பதற்காகத் தடுக்க அச்சொற்கள் நேராக இடந்தரவில்லை. எந்திர விசையால் இயங்கும் வாகனங்கள் பொதுப் பட்டியலில் உள்ள பொருளாதலால், ‘நிலம், நீர்நிலை, வனவிலங்கு இவற்றின் பாதுகாப்பு’ என்னும் சில சொற்களைச் சேர்க்கும் திருத்தத்தை நாடாளுமன்றமும் செய்யலாம். குடியரசுத் தலைவரின் இசைவுடன் மாநிலச் சட்டமன்றமும் செய்யலாம். இதுகாறும் அபராதத்தை உயர்த்துவது பற்றிப் பேசப்பட்ட அளவில் பத்தில் ஒரு பங்குகூட இச்சொற்களைப் பற்றிப் பேசப்படவில்லை என்பது என் கருத்து.

செயற்படுத்துவதில் ஆள் பற்றாக்குறை உண்டு. நூறு கிலோமீட்டர் வெளிக்கு ஒரு காவலர் என்ற நிலையில் துரத்திப் பிடிப்பது நடவாத காரியம். ஆனால் வாகனங்களில் கணிசமானவை வாடகை வண்டிகள். அத்தொழிலுக்கு 1989ஆம் ஆண்டின் வாடகைக் கார்த் திட்டமும், 1997ஆம் ஆண்டின் வாடகை மோட்டார் சைக்கிள் திட்டமும் உள்ளன. வரைபடத்தை வாடிக்கையாளரிடம் கொடுத்துக் கையொப்பம் பெறுவதை உரிமத்தின் நிபந்தனையாக்கினால், ஒவ்வொரு வாடகை நிலையமும் ஒரு சோதனைச் சாவடியாகும்.

விலக்குகளை எழுதுவதே கடினமான பகுதி. சாங்பா குடும்பங்கள் இப்போது கூடாரத்தையும் பொருள்களையும் சிறு சரக்கு வண்டிகளில் ஏற்றி இடம்பெயர்கின்றன. பொழுதுபோக்குக்காக வருபவருக்கு விதிக்கும் தடையைப் பிழைப்புக்காகச் செல்பவர்மீதும் விதித்தால் சட்டம் அநீதியாகும். அவர்களுடைய ஒத்துழைப்பும் போய்விடும். நுப்ராப் பள்ளத்தாக்கில் ஹுண்டர் மணல்மேடுகளில் பயணிகளுக்கு மணல் வண்டி வாடகைக்கு விடுவோரும் உள்ளூர் மக்களே. அவர்களுக்கென ஒரு திடலை எல்லை கட்டி ஒதுக்குவது, முழுத் தடையைவிட விவேகமானது. முன்னர் சொன்ன இறுதிநிலைச் சேதக் கணக்கும் அதையே காட்டுகிறது: ஏற்கெனவே கெட்ட இடத்தில் மேலும் ஓடட்டும், கெடாத இடம் தப்பட்டும். படைத்துறைக்கும் மீட்புப் பணிக்கும் விலக்கு இன்றியமையாதது. பிற அரசு வாகனங்களுக்கு வேண்டாம். என் பன்னிரண்டாவது தடத்தை நினைத்தே இதைச் சொல்கிறேன்.

வரைபடத்தை யார் வரைவது? செயற்கைக்கோள் படம் தடங்களைக் காட்டும்; அவற்றுள் எது குளிர்கால மேய்ச்சலுக்குச் செல்லும் பழைய வழி, எது சென்ற கோடையில் விருந்தினர் எவரோ உண்டாக்கியது என்பதைக் காட்டாது. அதைக் கிராமத் தலைவரும் மேய்ப்பர்களுமே சொல்ல முடியும். உயரமான கணவாய்கள் பனியால் மூடிக் கிடக்கும் மாதங்களில் வெளியூர் வண்டிகள் குறைவு. ஊர்க்கூட்டம் நடத்த அதுவே உகந்த காலம். கருங்கழுத்துக் கொக்குகள் வசந்தத் தொடக்கத்தில் சதுப்புகளுக்குத் திரும்புகின்றன. வாகனங்கள் அவற்றைத் தொடர்ந்து வருகின்றன. எனவே அறிவிக்கை ஏப்ரலுக்கு முன் அரசிதழில் வெளிவந்து, வரைபடத்தின் படிகள் மணாலியிலும் லேயிலும் உள்ள வாடகை நிலையங்களைச் சென்றடைந்திருக்க வேண்டும்.