இனிய சொல்லும் மறைந்த எழுவாயும்

கல்லூரியிலே நன்னூலை நாவலர் பெருமானின் காண்டிகையுரையோடு கற்ற நம்மவர் பலர்க்குத் தகுதி வழக்கு மூன்று என்பது இன்றும் மறவாதிருக்கும். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்பன அவை. இன்னாத உண்மையை இனிய சொல்லாற் கூறும் இம்முறைமையை நாம் வாழும் கொழும்பு மாநகரின் அண்மைக்கால வரலாற்றோடு பொருத்தி மீண்டும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவையிற் சொல்லத்தகாததை மறைத்து வேறு வாய்பாட்டாற் கூறுதல் இடக்கரடக்கல். 'கால் கழுவி வருகின்றேன்' என்பது அது. மங்கலமல்லாததை ஒழித்து மங்கலமாகக் கூறுதல் மங்கலம். செத்தாரைத் துஞ்சினார் என்றலும், சுடுகாட்டை நன்காடு என்றலும் உரையாசிரியர் காட்டும் உதாரணங்கள். கொப்பளிப்பானை 'அம்மாள் வருத்தம்' என்பதும், விடைபெறுவோர் 'போய் வருகிறேன்' என்பதும் நம் வீட்டு வழக்குகள். ஒரு குழுவினர் பிறர் அறியாவண்ணம் தம்முள் வழங்குவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர்.

முன்னைய இரண்டிற்கும் பின்னையதற்கும் உள்ள வேறுபாட்டை நோக்குவோம். 'காலமானார்' எனக் கேட்டவுடன் இறப்பு நிகழ்ந்தமையை யாவரும் உணர்வர். அச்சொல் கேட்போரின் துயரை ஆற்றுகின்றது, எவரையும் ஏமாற்றுவதில்லை. குழூஉக்குறியோ கேட்போர்க்குப் பொருள் விளங்காதிருத்தலையே வேண்டி நிற்கின்றது. மங்கலத்தின் ஆடையை அணிந்து குழூஉக்குறி வருமாயின் யாது செய்வது?

2007ஆம் ஆண்டு யூன் 7ஆந் திகதி அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களிலுள்ள 'லொட்ஜ்' எனப்படும் விடுதிகளிலே தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி, வவுனியா முதலிய இடங்களுக்குக் கொண்டு சென்றனர். வைத்தியத்திற்கும், தொழிலுக்கும், வெளிநாட்டுப் பயண ஒழுங்குகளுக்குமாகத் தலைநகருக்கு வந்திருந்தோர் அவருட் பலர். அவர்கள் விரும்பியே ஊர் திரும்பினர் என்றும், அவர்க்குப் போக்குவரத்து வசதி அளிக்கப்பட்டது என்றும் அதிகாரிகள் விளக்கங் கூறினர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சில நாளில் அன்றைய பிரதம மந்திரி இரத்தினசிறி விக்கிரமநாயக்க அரசின் சார்பில் வருத்தந் தெரிவித்தார்.

'ஊர் திரும்பினர்' என்னும் வாக்கியத்திற்கு எழுவாய் யாது? 'தமிழர்' என்பதே. துன்புறுத்தப்பட்டவனே வினைமுதலாகிவிட்டான். 'அனுப்பப்பட்டனர்' என்போமாயின் உண்மை பாதி வெளிப்படும். அனுப்பியவர் இன்னும் மறைந்தே நிற்பர். 'பொலிசார் வெளியேற்றினர்' என்னும் செய்வினையே முழு உண்மையைக் கூறும். தன்வினை பிறவினைப் பாகுபாடு பரீட்சைக்கு மட்டும் உரியதன்று என்பதை இது காட்டும்.

'காணாமற் போனோர்' என்னுஞ் சொல்லும் அத்தகையதே. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட அலுவலகத்தின் பெயரிலும் 'காணாமற்போன' என்றே உள்ளது. போதல் போனவருடைய தொழில். வெள்ளை வானில் ஏற்றப்பட்டவரும், கையளிக்கப்பட்டுத் திரும்பாதவரும் தாமாகப் போனாரல்லர். 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலே தொடர்போராட்டந் தொடங்கிய தாய்மார் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று சொல்லுமாறு வற்புறுத்தி வந்தனர். அச்சொல்லைக் கேட்டவுடன் 'ஆக்கியவர் யார்?' என்னும் வினா தானே பிறக்கின்றது. இலக்கண நூலைக் கையில் எடாமலே அத்தாய்மார் நமக்கு இலக்கணங் கற்பித்தனர்.

பிறர் சொல்லை ஆராய்ந்த நாம் நமது சொல்லையும் ஆராய்தல் நேர்மை. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் 70,000 பேர்வரையில் தம் வீடுகளை இழந்தனர். யாழ்ப்பாண நகரில் அவர்க்களிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரமே. 'முஸ்லிம்கள் இடம்பெயர்ந்தனர்' என்று நம்மிற் பலர் இன்றும் சொல்லியும் எழுதியும் வருகின்றோம். அவர்கள் பெயரவில்லை, விடுதலைப் புலிகள் அவர்களை வெளியேற்றினர். வெள்ளவத்தையில் நடந்ததற்கு ஓர் இலக்கணமும், யாழ்ப்பாணத்தில் நடந்ததற்கு வேறோர் இலக்கணமும் இருத்தல் கூடுமோ? கூடாது.

ஆதலின், இன்சொல்லை நாம் வெறுக்கவேண்டுவதில்லை. இழவு வீட்டில் மங்கலமே தகும். அவையில் இடக்கரடக்கலே தகும். ஆயினும், ஓர் இனிய சொல்லைக் கேட்குந்தோறும் இரண்டு வினாக்களை எழுப்பிப் பழகுவோமாக: இச்சொல் காப்பது துன்புற்றவரையா, துன்புறுத்தியவரையா? இவ்வாக்கியத்தின் உண்மையான எழுவாய் எங்கே? இவ்விரண்டையும் கேட்கத் தெரிந்த மாணாக்கனே நன்னூலைக் கற்றவன் என்க.