பார்த்தோம், ஆனா தெரியலையே!

விபத்து நடந்த இடத்தில் வண்டி ஓட்டியவர் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான்: "சத்தியமா பார்த்துட்டுத்தாங்க திரும்பினேன், ரோட்டுல யாருமே இல்ல." சுற்றி நிற்கிற யாரும் நம்ப மாட்டார்கள். குடிச்சிருப்பான், இல்லேன்னா போன் பேசியிருப்பான் என்று தீர்ப்பு எழுதிவிடுவோம். ஆனால் பல நேரங்களில் அவர் சொல்வது உண்மை. தலை அந்தப் பக்கம் திரும்பியது, வந்த பைக்கின் பிம்பம் அவர் விழித்திரையில் விழுந்தது, இருந்தும் பைக் அவருக்குத் தெரியவில்லை. சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இந்த வகை விபத்துகளைத் தனியாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். 'பார்த்தும் காணாத' விபத்து என்று தமிழில் சொல்லலாம்.

தொப்பம்பட்டி பக்கம் இருக்கிற நமக்கு இது ஏதோ சைக்காலஜி பாடம் என்று ஒதுக்கக்கூடியது இல்லை. தோட்டத்துப் பாதைகளும் கிராமச் சாலைகளும் நேராக மெயின் ரோட்டில் வந்து முட்டுகின்றன. விடியுமுன்னே ஒட்டன்சத்ரதிம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிய வண்டிகள் பறக்கின்றன. நாமோ பைக்கில் போகிறவர்கள். தை பிறந்தால் பழனிக்கு நடந்து போகிறவர்கள் ராத்திரி முழுக்க ரோட்டோரம் வரிசையாக வருகிறார்கள். அதனால் கண் எப்படிப் பார்க்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

கண்ணை கேமரா என்று பள்ளியில் படித்தோம். லென்ஸ் வரைக்கும் அது சரி, அதற்குப் பிறகு சரியில்லை. கையை முழுசாக நீட்டி கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். அந்த நகத்தின் அகலம் சுமார் 2 டிகிரி. விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கிற ஃபோவியா என்ற இடம் கவனிக்கிற பரப்பும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மற்றதெல்லாம் மங்கல். அதை ஈடுகட்டக் கண் விநாடிக்கு 3 முறை வாக்கில் இடம் விட்டு இடம் தாவுகிறது. தாவும்போது வரும் காட்சியை மூளை அமுக்கிவிடுகிறது. நம்பிக்கை இல்லையா? கண்ணாடி முன்னால் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் நகர்வதை நீங்கள் பார்க்கவே முடியாது. பக்கத்தில் நிற்கும் நண்பனுக்கு நன்றாகத் தெரியும். (செல்ஃபி கேமராவில் செய்யாதீங்க. அதில் படம் கொஞ்சம் தாமதமாக வருவதால் குட்டு வெளிப்பட்டுவிடும்.)

அப்படியென்றால் முழு ரோடும் ஒரே தெளிவாகத் தெரிகிற மாதிரி இருக்கே, அது எப்படி? இடைவெளிகளை நினைவு நிரப்புகிறது. மேலே இரண்டாம் பத்தியில் ஒட்டன்சத்திரம் என்ற பெயரில் எழுத்து இடம் மாறியிருந்ததைக் கவனித்தீர்களா? கவனிக்காதவர்கள் போய்ப் பார்த்துட்டு வாங்க. நூறு தடவை படித்த ஊர்ப்பெயர் என்பதால், முன்பாதியைப் பார்த்ததுமே மீதியை மூளை எழுதிக்கொள்கிறது. நம்ம இதழில் பிழை திருத்துகிற நண்பர்கள் பாவம், அவர்களைத் திட்டாதீர்கள்.

இன்னொரு சோதனை வீட்டு அடுப்படியில் இருக்கிறது. காலி இட்லித் தட்டை, வெளிச்சம் மேல்பக்கமிருந்து விழும்படி செங்குத்தாகப் பிடித்து போட்டோ எடுங்கள். பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். குழிகள் மேடுகளாக மாறிவிடும். வெளிச்சம் மேலேயிருந்துதான் வரும் என்று மூளை வைத்திருக்கும் பழைய அனுமானம், குழியா மேடா என்பதை முடிவு செய்கிறது. நிழலை வைத்து உருவத்தை அறிவது பற்றி 1988-இல் நேச்சர் இதழில் எழுதிய வி. எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

நினைவு இப்படி இல்லாததை இட்டு நிரப்புகிறது என்றால், கவனம் இருப்பதை அழித்துவிடுகிறது. டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் இருவரும் 1999-இல் வெளியிட்ட கொரில்லா சோதனை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேடத்தில் ஒருவர் வந்து நெஞ்சில் தட்டிவிட்டுப் போனார். பார்த்தவர்களில் பாதிப் பேர் அவரைக் காணவில்லை. "நாங்க கண்டுபிடிச்சிருவோம்" என்பவர்களுக்கு 2013-இல் வந்த ஆய்வைச் சொல்கிறேன். அதில் 24 ரேடியாலஜி நிபுணர்களிடம் நுரையீரல் சிடி ஸ்கேனைக் கொடுத்து, கட்டி இருக்கிறதா என்று தேடச் சொன்னார்கள். சராசரிக் கட்டியைப் போல 48 மடங்கு பெரிய கொரில்லா படம் ஒன்றை உள்ளே வைத்திருந்தார்கள். 20 பேருக்கு அது தெரியவில்லை. அவர்களில் பலரின் கண் நேராக அந்தக் கொரில்லா மேலேயே போய் நின்றதைக் கண்ணசைவுக் கருவி காட்டியது. திறமை குறைவு என்று சொல்ல முடியாது. அவர்கள் தேடியது கட்டியை, கொரில்லாவை இல்லை.

இப்போது முச்சந்திக்கு வருவோம். மினி ஆட்டோக்காரர் கிராமச் சாலையிலிருந்து மெயின் ரோட்டில் ஏறப் போகிறார். அவர் பயப்படுவது பஸ்ஸுக்கும் லாரிக்கும். தேடுவதும் அவற்றைத்தான். வலது பக்கம் ஒரு பார்வை, பஸ் இல்லை, ஏறிவிடுகிறார். அவர் தேடாத பைக் அங்கே வந்துகொண்டிருக்கிறது.

இதோடு நம் கணக்கும் சேர்கிறது. d தூரத்தில் வரும் w அகலமுள்ள வண்டி கண்ணில் உண்டாக்கும் கோணம் ஏறத்தாழ w/d. v வேகத்தில் வந்தால் அந்தக் கோணம் பெரிதாகும் வீதம் wv/d². 100 மீட்டரில், 60 கி.மீ. வேகத்தில் வரும் 2.5 மீட்டர் அகல லாரியையும் 0.8 மீட்டர் அகல பைக்கையும் போட்டுப் பாருங்கள். லாரி விநாடிக்கு சுமார் 0.24 டிகிரி வீங்குகிறது, பைக் 0.08 டிகிரிதான். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தொலைவில் இருக்கும்வரை பைக் அப்படியே நிற்கிற மாதிரி தெரிவது இதனால்தான். கூடவே இன்னொன்று: இரண்டு வண்டியும் சீரான வேகத்தில் மோதும் பாதையில் வந்தால், ஒன்றிலிருந்து பார்க்க மற்றது ஒரே கோணத்திலேயே இருக்கும். அந்தக் கோணத்தில் வண்டியின் முன்கண்ணாடித் தூண் இருந்தால், கடைசி வரை பைக் தூணுக்குப் பின்னாலேயே ஒளிந்து வரும். ஆகவே வண்டி ஓட்டுபவர் தலையை முன்னும் பின்னும் கொஞ்சம் அசைத்து, ஒவ்வொரு பக்கமும் ஒரு கணம் பார்வையை நிறுத்தி, இரண்டாவது தடவை பைக்கை மட்டும் தேடிப் பார்க்க வேண்டும். ஹெட்செட் போட்டுக்கொண்டு பேசினால் பரவாயில்லை என்பதும் எடுபடாது. யூட்டா பல்கலைக்கழகத்தில் 2001-இல் செய்த சோதனையில், போனைக் கையில் பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் ஒரே அளவுக்குத் தடுமாறினார்கள். கெடுப்பது பேச்சு.

ராத்திரி நிலைமை இன்னும் மோசம். 60 கி.மீ. என்பது விநாடிக்கு 16.7 மீட்டர். சுதாரித்து பிரேக்கை மிதிக்க 1.5 விநாடி என்று வைத்தால் 25 மீட்டர் போய்விடும். காய்ந்த ரோட்டில் உராய்வுக் கெழு 0.7 என்றால், நிற்க இன்னும் 20 மீட்டர். மொத்தம் 45 மீட்டர். பச்சை வேட்டியில் நடக்கும் பக்தர், லோ பீம் வெளிச்சத்தில் அந்த 45 மீட்டருக்கு முன்னாலேயே ஓட்டுநருக்கு 'மனுஷன்' என்று தெரிய வேண்டும். ஏதோ ஒன்று மினுங்குது என்று தெரிந்தால் போதாது. மைல்கல், குப்பை, முள்வேலியில் மாட்டிய பாலித்தீன் என்று நினைவு எதையாவது எடுத்துக் கொடுத்துவிடும்.

ஆனால் அதே நினைவை நம் பக்கம் இழுக்கவும் வழி இருக்கிறது. ஸ்வீடன் ஆய்வாளர் குன்னார் யோஹான்சன் 1973-இல் ஒருவரின் மூட்டுகளில் மட்டும் சின்ன விளக்குகளைக் கட்டி, இருட்டில் நடக்கவிட்டுப் படம் எடுத்தார். நிற்கும்போது வெறும் புள்ளிக் கூட்டம். நடக்க ஆரம்பித்ததும் பார்த்தவர்கள் எல்லோரும் 'மனிதர்' என்றார்கள். மனித நடை நம் மூளையில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. பின்னால் வந்த சாலை ஆய்வுகள் இதையே பயன்படுத்தின. ஒளிரும் பட்டையை மார்பில் மட்டும் அணிந்தவரைவிட, கணுக்கால், முழங்கால், மணிக்கட்டில் கட்டியவரை ஓட்டுநர்கள் வெகு தூரத்திலேயே மனிதர் என்று கண்டுகொண்டார்கள்.

பாதயாத்திரை பக்தர்களுக்கு வழியில் போலீசார் ஒளிரும் பட்டைகள் கொடுக்கிறார்கள். நல்ல வேலை. பெரும்பாலோர் அதை முதுகுப் பையில் ஒட்டிக்கொள்கிறார்கள். பை அதிகம் ஆடாது, அதனால் தூரத்திலிருந்து பார்த்தால் அது இன்னொரு மைல்கல்தான். வீட்டில் யாராவது மாலை போட்டிருந்தால் பட்டையை வெட்டி இரண்டு கணுக்காலுக்கு மேலேயும் ஒவ்வொன்று கட்டிவிடுங்கள். வேட்டியோ சேலையோ மறைக்காத உயரத்தில், பின்னால் வரும் ஹெட்லைட்டுக்குத் தெரியும்படி கட்டுங்கள். மிச்சம் இருந்தால் மணிக்கட்டுக்கும்.