தூரத்துச் சொந்தமும் வெப்கேமும்

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபோது, ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று வந்தோரின் வழியும் அடைபட்டது. அவ்வழி மீண்டும் முழுமையாகத் திறக்க 2022 ஏப்ரல் 1 ஆயிற்று. இடைப்பட்ட ஈராண்டுகளில், கெடா மாநிலத் தோட்டங்களிலிருந்த பெற்றோர் பலர் தம் மக்களின் முகத்தைத் திரையில் மட்டுமே கண்டனர். கட்டுப்பாடு நீங்கிய பின்னும் அப்பழக்கம் நீங்கவில்லை. மகன் சிங்கப்பூரில், மகள் கோலாலம்பூரில், பெரியப்பா குடும்பம் தமிழ்நாட்டில் என்றிருக்கும் வீட்டுக்குக் காணொளி அழைப்பு இன்று இன்றியமையாததாகி விட்டது.

ஒரு காலத்தில் தமிழ்நாட்டு உறவினரைக் காணக் கப்பலேற வேண்டியிருந்தது. சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்த வழியும் முடிந்தது. அந்தத் தலைமுறையினருக்கு இன்று கண்பார்வை மங்கியிருக்கும். கைத்தொலைபேசியின் சிறு திரையில் பேரனின் முகம் அவர்களுக்குச் சரிவரத் தெரிவதில்லை. இதனாலேயே பல வீடுகளில் பிள்ளைகளின் பாடத்துக்கு வாங்கிய மடிக்கணினியையோ மேசைக் கணினியையோ அழைப்புக்குப் பயன்படுத்துகின்றனர். மேசைக் கணினியில் படக்கருவி பெரும்பாலும் இராது. பழைய மடிக்கணினியில் இருந்தாலும் படம் மங்கலாயிருக்கும். அப்போதுதான் வெப்கேம் வாங்கும் எண்ணம் எழுகிறது.

அலோர் ஸ்டார் கடைகளிலும் சுங்கை பட்டாணி, கூலிம் கடைகளிலும் சில பத்து வெள்ளி முதல் பல நூறு வெள்ளி வரை விலையுள்ள வெப்கேம்கள் உண்டு. விலை கூடினால் முகமும் தெளியும் என்று எண்ணி, மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை அதில் போட்டுவிடுவோர் உளர். நம் கருத்து வேறு. நடுத்தர வெப்கேம் ஒன்றும் நல்ல விளக்கு ஒன்றும் இருந்தால், விலையுயர்ந்த வெப்கேமும் இருட்டு அறையும் தரும் படத்தைவிட நல்ல படம் கிடைக்கும்.

இதற்குக் காரணமுண்டு. வெப்கேமின் உள்ளே ஒளியை உணரும் சில்லு மிகச் சிறியது. வெளிச்சம் குறைந்தால் அது ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் ஒளியைச் சேர்க்க வேண்டும். வினாடிக்கு 30 படம் எடுக்க வேண்டிய கருவி அப்போது 15 படத்துக்கு இறங்கிவிடுகிறது. கையை அசைத்தால் படம் இழுபடுகிறது. முகத்தின் மீது மணல் தூவியது போன்ற புள்ளிகளும் தோன்றுகின்றன. அப்புள்ளிகள் ஒவ்வொரு கணமும் மாறுவதால் படத்தைச் சுருக்கி அனுப்புவது கணினிக்குக் கடினமாகிறது. இணைய வேகமும் குறைவாயிருந்தால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. 'லைன் சரியில்லை' என்று நாம் பழிப்பதில் ஒரு பகுதி உண்மையில் இருட்டின் குற்றமே.

துத்தநாகக் கூரையும் சிறு சன்னலும் உள்ள லயத்து வீட்டில் நண்பகலிலும் உள்ளறை இருண்டிருக்கும். சன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்து அமர்ந்தால் முகம் கரிநிழலாகிவிடும். சன்னலையோ வாசலையோ நோக்கி அமருங்கள். இரவில் விளக்கு முகத்துக்கு முன்னே, கண்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும். குழல் விளக்கில் படம் துடித்தால், வெப்கேம் அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் என்பதைத் தெரிவு செய்க. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில கருவிகள் 60-இல் அமைக்கப்பட்டு வருகின்றன.

இனிப் பெட்டியின் மேல் அச்சிடப்பட்டுள்ள எண்களைக் காண்போம். 720 என்றால் படத்தில் 1280-க்கு 720 புள்ளிகள், அதாவது சுமார் 9 இலட்சம். 1080 என்றால் 1920-க்கு 1080, சுமார் 20 இலட்சம். புள்ளிகள் கூடினால் அனுப்பவேண்டிய சுமையும் கூடும். இருவர் பேசும் அழைப்பில் 720 படத்துக்கு வினாடிக்கு ஏறத்தாழ 1.2 மெகாபிட்டும், 1080 படத்துக்கு 3 முதல் 4 மெகாபிட் வரையும் வேண்டுமென்பது ஸூம் நிறுவனத்தின் கணக்கு. இங்கே கவனிக்கவேண்டியது பதிவேற்ற வேகம். நம் முகம் அங்கே தெளிவாகத் தெரிவது நம் வீட்டிலிருந்து வெளியே செல்லும் வேகத்தைப் பொறுத்தது. படம் பார்க்கும்போது உள்ளே வரும் வேகத்தையன்று. பதிவேற்றம் குறைந்த இடத்தில் 1080 வெப்கேமின் படத்தையும் அழைப்பு நிரலே குறைத்துத்தான் அனுப்பும். 'நான்கு கே' என்று விற்கப்படும் கருவி வீட்டு அழைப்புக்கு வீண் செலவு.

குவியம் வேறு செய்தி. நிலையான குவியமுள்ள வெப்கேம் முகத்தைத் தெளிவாகக் காட்டும்; மருந்துப் பெட்டியையோ திருமண அழைப்பிதழையோ அருகில் நீட்டினால் எழுத்து மங்கும். பாட்டியின் மருந்துச் சீட்டை மருத்துவம் படித்த பேத்தியிடம் காட்டவேண்டிய வீட்டுக்குத் தானியங்கிக் குவியம் தகும். ஆறேழு பேர் ஒன்றாக அமர்ந்து பேசுவோர் 78 முதல் 90 பாகை அகலம் காட்டும் கருவியைக் கேட்கவேண்டும். ஒருவரே பேசுவதானால் அவ்வளவு அகலம் வேண்டா. கொடியில் காயும் துணியும் சேர்ந்து தெரியும்.

படம் சற்று மங்கினாலும் பேச்சுத் தொடரும். ஒலி கெட்டால் அழைப்பே முடிந்துவிடும். வெப்கேமில் உள்ள ஒலிவாங்கி கூரையில் விழும் மழையையும் காற்றாடியையும் சேர்த்தே அனுப்புகிறது. ஒலிவாங்கி பொருத்திய காதணிபேசி ஒன்றை வாங்கிக்கொண்டால், காது மந்தமான முதியவரிடமும் கத்தாமல் பேசலாம்.

வாங்கும்போது யுஎஸ்பி துளையில் செருகியவுடன் இயங்கும் வகையையே கேளுங்கள். மடிக்கணினியைக் கையோடு கொண்டுசென்று கடையிலேயே சோதியுங்கள். வில்லையை மூடும் சிறு மூடி இருப்பது நன்று. அழைப்பு முடிந்ததும் மூடிவிடலாம். பால் பிசின் ஒட்டிய விரல் பட்டால் வில்லையில் படலம் படிந்து, எல்லா முகமும் பனிமூட்டத்தில் நிற்கும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பழுதான பொருளை மாற்றித்தர வணிகர் மறுத்தால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் முறையிடலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

தமிழ்நாட்டுக்கு அழைப்போர் நேரத்தையும் கணக்கிட வேண்டும். 1982 சனவரி 1-இல் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரைமணி முன்தள்ளியதிலிருந்து, நாம் இந்தியாவை விட இரண்டரை மணி முன்னே இருக்கிறோம். பால் வெட்டி நிறுத்துவிட்டு, குளித்து உண்டு, மாலை 5 மணிக்கு நாம் அழைத்தால் அங்கே பிற்பகல் 2.30. நம் வாசலில் அப்போது நல்ல வெளிச்சமிருக்கும், விளக்கும் வேண்டா. பள்ளி சென்ற பிள்ளைகளையும் காணவேண்டுமானால் இரவு 9 மணிக்கு, அங்கே மாலை 6.30-க்கு, அழைப்பதே பொருந்தும்.